நடுவில் யாரும் இல்லாத இடம்

பொன்னமராவதிக்குப் போகிற வழியில் இன்று உன் தலையைப் பார்த்தேன்டி. ஒரு வீட்டு பிளான் காட்டக் கிளம்பியவள், குடிக்கத் தண்ணீர் கேட்கலாமென்று சாலையோரத்துச் சிலைப் பட்டறைக்குள் நுழைந்தேன். கொட்டகை மூலையில், காய்ந்த சாக்கு பாதி விலகி, களிமண்ணில் நீ. கன்னத்தில் வெடிப்பு விட்டிருந்தது. "வேணாம்னுட்டாகம்மா. கலைக்க மனசு வரல," என்றார் சிற்பி. வேண்டாமென்று சொன்னவளே நான்தான் என்று அவருக்குத் தெரியாது. மூக்கு உன் மூக்கேதான். ஆனால் வாயை மூடி வைத்திருக்கிறார். உன்னை நேரில் பார்க்காதவர் செய்தது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன். அப்போதிருந்து மனதுக்குள் உன்னோடு சண்டைதான்.

நீ கவுன்சிலரான புதிதில் என் ஆபீசுக்கு வந்து, "நம்ம பொட்டலுக்கு ஒரு பிளான் போட்டுக் குடுடி," என்று நின்றாய். பொட்டல் என்றால், புதுக்கோட்டையில் நம் மேலத்தெருவும் கீழத்தெருவும் முட்டிக்கொள்கிற அந்த மூன்று மூலை இடம். மினி பஸ் திரும்பும், ஆடு மேயும், இரண்டு தெருக் குப்பையும் அங்கேதான் விழும். குப்பை மட்டும்தான் அங்கே ஒன்றாகக் கிடந்தது. மனிதர்கள் அவரவர் பக்கத்து ஓரமாகவே நடந்தார்கள்.

நான் படித்த படிப்பையெல்லாம் காட்டி, நடுவில் ஒரு நீரூற்று வரைந்து கொண்டுவந்தேன். "இது என்னடி, கல்யாண மண்டபமா?" என்று பென்சிலைப் பிடுங்கி அதை அடித்துவிட்டாய். பெஞ்சுகளையெல்லாம் ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்தேன். அதற்கும் திட்டு. "பொம்பளைக ரோட்டப் பாத்து ஒக்காந்தா, போறவன் வாறவனெல்லாம் வேடிக்க பாப்பான். எவ ஒக்காருவா? உள்ள பாத்துத் திருப்புடி. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கட்டும்." கேட் வேண்டாம் என்றாய். குழாய் பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும் என்றாய். நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க உச்சி வெயிலில் என்னைப் புங்க மரத்தடிக்கு இழுத்துப் போய், நீ மட்டும் நிழலில் நின்றுகொண்டாய், பாவி.

வேலை முடிகிற சமயத்தில்தான் சிலை வைக்கக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். மேலத்தெருவுக்கு ஒரு தலைவர் சிலை, கீழத்தெருவுக்கு இன்னொருவர் சிலை. இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாய்: "செல வைக்கிறோம், சரி. அவுக மூஞ்சி எங்கிட்டுப் பாக்கும்? ஒரு பக்கம் மூஞ்சின்னா மறுபக்கத்துக்கு முதுகுதான? பாதிச் சனம் காலமெல்லாம் முதுகப் பாத்துக்கிட்டா ஒக்காரும்? நடுவுல யாரும் வேணாம்ப்பா. சும்மா கெடக்கட்டும்." நடு சும்மாவே கிடந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் நீதான் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நாலு பக்கமும் திரும்பித் திரும்பி எல்லோரையும் வம்புக்கு இழுத்தாய். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தெருவும் வந்து உட்கார்ந்தது.

பிறகு ஒரு விடிகாலையில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கத்தாரில் உன் மகனுக்கு லீவு கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். வந்ததும், பொட்டல் நடுவில் அம்மாவுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று, போட்டோவைக் கொடுத்து மாதிரி செய்யவும் சொல்லிவிட்டான். மேலத்தெரு சரி என்றது, கீழத்தெருவும் சரி என்றது. ஒரு நாளும் ஒத்துப்போகாதவர்கள் உன் சாவில் ஒத்துப்போனார்கள். புதுக் கவுன்சிலர், "பிளான் போட்டவங்க சரின்னா வச்சிருவோம்," என்று என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டத்தான் இருந்தேன். எனக்கு மட்டும் உன்னைப் பார்க்க ஆசை இருக்காதா?

அப்போது கீழத்தெருப் பெரியவர் ஒருவர், சூதுவாது இல்லாமல்தான், "அக்கா மூஞ்சி எங்கிட்டுங்க பாத்திருக்கும்?" என்று கேட்டார்.

"எங்க பக்கந்தான். அவுக எங்க தெருல்ல," என்றது மேலத்தெருவிலிருந்து ஒரு குரல். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளியது போலிருந்தது. "வேண்டாம்," என்று சொல்லிவிட்டேன்.

உன் மகன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அம்மா சொன்னதக் காப்பாத்திட்டீங்க அத்தை. தூக்கிட்டுப் போறப்பவும் அம்மா மூஞ்சிய நான் போன்லதான் பாத்தேன். இனிமே எங்க போயிப் பாக்குறது?" என்றான். கத்தாருக்குத் திரும்பிப் போனவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நீ ஜெயித்துவிட்டுப் போய்விட்டாய். உன் பிள்ளையிடம் தோற்றவள் நான்.

இன்று பட்டறையிலிருந்து பிளான் காட்டவும் போகாமல், வீட்டுக்கும் போகப் பிடிக்காமல் நேராகப் பொட்டலுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை, கத்தாரில் உன் மகனுக்கு லீவு. வீடியோ காலில் கூப்பிட்டேன். வெட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். எடுத்தான்.

"எங்க அத்தை இருக்கீங்க?"

"ஒங்கம்மா எடத்துலதான்டா."

"நடுவுல போயி நில்லுங்க."

நீ போனதிலிருந்து நான் அங்கே கால் வைத்ததில்லை. ஓரமாகச் சுற்றித்தான் போவேன். பிள்ளைகள் அதன் வழியே ஓடினால், உன்மேல் மோதிவிடுவார்களோ என்று பதறும். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் போய் நின்றேன்.

"இப்பச் சுத்திக் காட்டுங்க அத்தை."

போனைத் திருப்பிப் பிடித்து மெதுவாகச் சுற்றினேன். புங்க மரத்தடிப் பெஞ்சில் மேலத்தெருப் பெண்ணொருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டினாள். கிண்ணத்தைப் பிடித்திருந்தவள் கீழத்தெரு. குழாயடியில் பிள்ளைகள் தள்ளுமுள்ளு. போனில் இருப்பது யார் என்று தெரிந்ததும், "தம்பி, நல்லாருக்கியாப்பா? எப்ப வார?" என்று ஒரு கிழவர் கையாட்டினார். இன்னும் சிலரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னொரு தரம்," என்றான். மறுபடி சுற்றினேன்.

"எல்லாரும் அம்மாவப் பாத்துத்தான ஒக்காந்திருக்காக அத்தை?"

"ஆமாடா," என்றேன்.

அவனுக்கு அது போதும் போலிருந்தது. எனக்குத்தான் போதவில்லை. நின்ற நேரமெல்லாம் என் முதுகுக்குப் பின்னாலேயே நீ நின்றாய். எவ்வளவு சுற்றியும் உன் முகம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லையடி.