புள்ளிக்கு முன்னால் ஒரு சைபர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் வந்து எங்கள் நர்சிங் காலேஜ் பிரின்சிபாலிடம் பேச வேண்டாம். வந்தால் உங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

மருந்தளவுக் கணக்குத் தேர்வில் ஒரு தப்பு இருந்தாலும் ஃபெயில்தான். ஊசியில் அரை மில்லி மருந்து எடுக்க வேண்டும். கணக்கைச் சரியாகப் போட்டு, விடையை .5 என்று எழுதினேன். புள்ளிக்கு முன்னால் சைபர் இல்லை என்று டீச்சர் அடித்துவிட்டார். நானும் சண்டைக்குத்தான் போனேன். "புள்ளி அழிஞ்சா அடுத்த நர்ஸ் அஞ்சுன்னு படிப்பா. அப்ப யார்கிட்ட போய் சண்டை போடுவே?" என்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

உங்களுக்கும்தான். "ஒரு சைபருக்காகவா ஃபெயில்? வந்து ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். இல்லன்னா மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்கு வா" என்றீர்கள்.

நேற்று நீங்களே செய்தி அனுப்பினீர்கள்: "பாப்பாவுக்குக் காய்ச்சல். மருந்து .8 மில்லி கொடுத்துட்டேன்."

பஸ்ஸில் நின்றபடி படித்தேன். போன் திரையின் கீறலில் புள்ளி மறைந்துபோனது. எட்டு மில்லி! நீங்கள் போனை எடுக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. "புள்ளி எட்டுதான் கொடுத்தேன். பாப்பா தூங்குறா, எதுக்கு இப்படிக் கத்துறே?" என்றீர்கள்.

நான் வரப்போவதில்லை. மறுதேர்வு எழுதுவேன், அதிலும் ஃபெயிலானால் அடுத்ததையும் எழுதுவேன். டீச்சரை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். அவர் இன்னும் கண்டிப்பாக இருக்கட்டும்.

அடுத்த வேளை மருந்து கொடுத்ததும் எழுதுங்கள். சைபர் போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்களையும் ஃபெயில் போட்டுவிடுவேன்.

கோபம் இன்னும் தீராத,
பாப்பாவின் அம்மா