நீங்கள் பற்றவைத்த கேட்

சம்பந்தி,

இன்று காலை வாசல் பக்கமிருந்து இரும்பு கருகும் வாசனை வந்தது. அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். உங்கள் வாசனை என்றால் எனக்கு அதுதான். முகத்தில் எவ்வளவு பவுடர் வாசம், தலையில் எவ்வளவு சாம்பிராணி வாசம் இருந்தாலும் அதற்கு அடியில் அந்தக் கருகல் வாசனை இருக்கும். பேரப்பிள்ளை கூட உங்கள் மடியில் உட்கார்ந்து முகர்ந்துவிட்டு, "பட்டறை ஆயா" என்பான்.

விஷயம் இதுதான். முடிச்சூரில் மறுபடியும் ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டதில் ரோடு ஏறிவிட்டது, வீடு இறங்கிவிட்டது. நம் வாசல் கேட் தாரில் உரசி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மேல் திறக்க மாட்டேன் என்கிறது. என் மகன் ஒரு வெல்டரைக் கூட்டி வந்திருந்தான். அந்த ஆள் மிஷினை இறக்கி, ஒரு துண்டு இரும்பில் தீப்பொறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனைதான் என்னை இழுத்தது.

"கீழ ஒரு சாண் வெட்டிட்டா பிரச்சன தீந்துது பெரியம்மா" என்றார்.

"கேட்டு மேல கை வைக்காத. இரு" என்றேன். அப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். இந்த கேட் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருதரம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

உங்கள் வீட்டுக்காரர் போய், காரியம் முடிந்த அன்று, சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் உங்கள் கொழுந்தனார் பேச்சை ஆரம்பித்துவிட்டார். "அண்ணி, நீங்க பேஜார் பண்ணிக்காதீங்க. வூட்ல உக்காருங்க. அண்ணன் பட்டறைய நான் பாத்துக்கறேன்."

"நான் பாத்துக்குவேன் தம்பி" என்றீர்கள்.

"இன்னா பாப்பீங்க? பொம்பள பத்த வச்ச கேட்டு எவன் வூட்டுல நிக்கும்?"

கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரி நான், எனக்குப் பேச உரிமை கிடையாது. மூலையில் உட்கார்ந்து, யார் யார் சிரித்தார்கள் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் ஒவ்வொரு முகத்தையும் சொல்வேன்.

நீங்கள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னீர்கள்: "ஒரு வருஷம் குடுங்க. கத்துக்கினு வரேன். வேல வரலன்னா, இதே மாதிரி எல்லாரையும் உக்கார வச்சு சாவிய நானே உங்க கையில குடுத்துடறேன்."

"யார் கத்துக் குடுப்பாங்க?" என்று அவர் சிரித்தார். பட்டறையில் இருந்த ஒரே வேலையாளை அதற்கு முன்பே தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் அவர். அந்தத் தைரியம்.

ஐடிஐயில் சேர உங்களோடு துணைக்கு வந்தவள் நான். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "பையன் எங்கம்மா? பையனத்தான் கூட்டினு வரணும்" என்றார்.

"பையன் இல்ல சார். எனக்குத்தான்."

"டைலரிங் அந்தப் பக்கம்."

"வெல்டர், சார். எட்டாவது பாஸ். சர்டிபிகேட் கீது."

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தது. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "பொம்பளைங்களுக்கு வயசு தடை இல்லயாம். உக்காருங்க" என்றார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் என்னை உட்கார வைத்துவிட்டு நீங்கள் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. கல்யாணத்தில் என் பெரியண்ணனுக்கு ஆறிப்போன காபி கொடுத்தது உங்கள் வீடுதானே? அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

வகுப்பு முழுக்க மீசை அரும்பிய பையன்கள். முதல் நாளே வாத்தியார் உங்கள் புடவையைப் பார்த்துவிட்டு, "இந்தத் துணி ஆகாதும்மா. ஒரு பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். பருத்தியில முழுக்கை சட்டை, பேண்ட்" என்று சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக்காரரின் காக்கி பேண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். "அவரு கால் எவ்ளோ நீளம் பாத்தீங்களா சம்பந்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே மடித்துவிட்டுக்கொண்டீர்கள்.

முதலில் வெல்டிங் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டு வரவே வராதாம். கை நடுங்கினால் கோடு புழு நெளிந்த மாதிரி போகுமாம். எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் குழம்பு தாளிக்கும்போது நீங்கள் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, மேடைமேல் படாமல், விலகாமல், நூல் பிடித்த மாதிரி நகர்த்திப் பழகுவீர்கள். "சார் சொல்றாரு, வெளிச்சத்த பாக்காத, இரும்பு உருகிக் குளம் மாதிரி நிக்கும், அந்தக் குளத்த பாரு, குளம் நகந்தா நீ நகருன்னு." என் மேடையில் ஏது குளம்? ஆனாலும் நீங்கள் எதையோ பார்த்துக்கொண்டுதான் போனீர்கள். கரண்டியைக் கீழே வைக்கவும் இடம் விடாமல் என் மேடையை அடைத்துக்கொண்டீர்கள். நானும் கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தாளித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குப் பட்டறையைக் கழுவி, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பாக்கெட்டைப் பிரித்து வெல்டிங் குச்சிகளையும் தாம்பாளத்தில் பரப்பி, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டீர்கள். வருஷா வருஷம் உங்கள் வீட்டுக்காரர் மிஷினைத்தான் கும்பிடுவார். குச்சியையும் சேர்த்துக் கும்பிட்டால் கூடுதல் நல்லது என்று உங்களுக்குத் தோன்றியது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் விஜயதசமி. உங்கள் கொழுந்தனார் நாலு பேரோடு வந்து நின்றார். "நல்ல நாளு அண்ணி. கத்துக்கினத கொஞ்சம் காட்டுங்களேன்."

நீங்கள் அந்தக் குச்சியாலேயே இரண்டு தகடுகளைச் சேர்த்தீர்கள். பட்டாசு மாதிரி வெடித்துத் தெறித்தது. மேலே படிந்த கசடைத் தட்டி எடுத்தால், கோடு முழுக்க ஓட்டை. அவர் அதைக் கையில் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "இது வெல்டிங் இல்ல அண்ணி, இடியாப்பம். தேங்காப் பால் கீதா?"

சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களும் என் மனதில் இருக்கிறார்கள். நீங்கள் அழவில்லை. அந்தத் தகட்டை டிபன் பையில் போட்டுக்கொண்டு, லீவு முடிந்து ஐடிஐ திறந்ததும் வாத்தியாரிடம் போய் வைத்தீர்கள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம். "குச்சிக்குப் பூஜ போட்டீங்களாம்மா?"

குச்சியின் மேல் பூசியிருக்கும் மருந்து ஈரம் பட்டால் கெட்டுவிடுமாம். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இப்படித் தீர்த்தம் தெளித்துவிட்டு வருவார்களாம். அதனால்தான் ஐடிஐ பூஜையில் குச்சியின் காலி டப்பாவை மட்டும் வைப்பார்களாம். எனக்கு இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, காரியம் நடந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "கை தப்பு இல்ல சம்பந்தி. மஞ்சத் தண்ணி தப்பு!"

வீட்டுக்குப் போய் ஒரு தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, குச்சிகளை அதில் அடுக்கினீர்கள். அதற்கப்புறம் உங்கள் பட்டறையில் சாமி படத்துக்கு விளக்கு எரியாத நாள் உண்டு. அந்தப் பெட்டியில் பல்பு அணைந்த நாள் கிடையாது.

பரீட்சையில் நீங்கள் சேர்த்த தகட்டை இடுக்கியில் மாட்டி, சம்மட்டியால் அடித்து வளைத்தார்களாம். லாடம் மாதிரி வளைந்ததாம், ஒட்டு விடவில்லையாம். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "முதல் கேட்டு உங்க வூட்டுக்குத்தான்" என்றீர்கள். எங்கள் வாசலில் அப்போது தகரத்தைத்தான் கம்பியால் கட்டி வைத்திருந்தோம்.

கேட்டை மாட்டிய அன்று சொன்ன சொல்படி எல்லோரையும் வரவழைத்தீர்கள். கொழுந்தனாரும் வந்தார். பட்டறைச் சாவியை ரோட்டோரக் கட்டைச் சுவரில் வைத்தீர்கள். அவர் ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "பாக்க நல்லாத்தான் கீது. தாங்கணுமே."

"ஏறி நில்லுங்க தம்பி."

"இன்னாது?"

"கேட்டு மேல ஏறி நில்லுங்க. நீங்கதான நிக்காதுன்னீங்க?"

அவருடைய உடம்பு உங்களுக்குத் தெரியும். ஆட்டோவில் ஏறினால் ஆட்டோ ஒரு பக்கம் சாயும். எல்லோரும் பார்க்கிறார்கள், ஏறாமல் இருக்க முடியவில்லை. கீழ்க் கம்பியில் காலை வைத்து, மேல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் கேட்டைப் பிடித்து, தொட்டில் ஆட்டுவது போல, முழுக்கத் திறந்து முழுக்க மூடினீர்கள். மறுபடியும் திறந்தீர்கள். கீல் முனகக்கூட இல்லை. "இன்னும் யாராவது ஏறணுமா?" என்றீர்கள். அவர் இறங்கினார். சாவியைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சாவியை நான்தான் எடுத்து உங்கள் இடுப்பில் செருகினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டறை உங்களுடையது. தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் வரைக்கும் எத்தனை வாசலில் உங்கள் கை நிற்கிறது! நீங்கள் போன அன்றைக்கு அவர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்க அண்ணி மாதிரி வேலக்காரி உண்டா" என்று அழுதார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இன்று காலைக்கு வருகிறேன். "கேட்ட வெட்டக் கூடாது" என்றேன். உங்கள் மகள், "அத்தே, ஒரு சாண்தானே, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். அந்தக் கீழ்க் கம்பியில்தான் அந்த மனுஷன் ஏறி நின்றார் என்று அவளுக்கு எப்படிப் புரியும்?

"கேட்ட வெட்டாத. கீல மேல ஏத்து" என்றேன் அந்த ஆளிடம். அவர் தூணைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். உட்கார்ந்து உங்கள் ஒட்டு ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். "யாரு பத்த வச்சது பெரியம்மா?"

"எங்க சம்பந்தி."

"அவரு எங்க வேல பாத்தாரு?"

"அவரு இல்ல. அவங்க" என்றேன். அவர் அதற்கப்புறம் வெட்டும் பேச்சை எடுக்கவில்லை.

தூணில் கீலை வைக்கப் போனவரை நிறுத்தினேன். "பெயிண்ட சொரண்டு. துருவ எடு. குச்சி ஈரமா இல்லயே?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுரண்டினார். மிஷின் உறுமியது. உங்கள் மகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அந்தப் பக்கம் பாக்காத, செவுத்த பாரு" என்றேன். பட்டறைக்கு வரும்போதெல்லாம் நீங்கள் எனக்குச் சொன்னதுதான்.

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளிச்சம் வந்து வந்து போனது. ஒவ்வொரு தரமும் உங்கள் கேட்டின் நிழல் முழுசாக, ஒரு கம்பி குறையாமல் சுவரில் விழுந்தது.