நைனாவின் வாட்சை நான் வாங்கிக்கொள்ளவில்லை

என் அக்காவுக்கு,

உன் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டே சுற்றிய தங்கச்சி எழுதுகிறேன்.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன். நைனா உள்ளே டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கதவு மூடியிருக்கிறது.

நீ உயிரை மாய்த்துக்கொண்டதிலிருந்து நைனா சரியாகத் தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை. போன வாரம் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு! தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கறவை மாட்டைப் பக்கத்து வீட்டு மாமாவுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

"பாத்தியாடி? உங்க நைனா மனச சாமி தெளிய வச்சிட்டாரு," என்றாள் அம்மா.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் மலைக்குப் போய்வந்த பிறகுதானே சிரித்தாய்? உன் கம்மலைக் கழற்றி என் காதில் போட்டாய். அன்றைக்கும் அம்மா இதையேதான் சொன்னாள். வீடே சந்தோஷப்பட்டது. அந்தச் சிரிப்புக்குள் நீ விடைபெற்றுக்கொண்டிருந்தாய் என்று யாருக்குத் தெரியும்?

நேற்றுக் காலை நைனா தன் வாட்சைக் கழற்றி நீட்டினார். "வேலைக்குப் போறியே, கட்டிக்கினு போ."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பாது, உனக்குத் தெரியுமே. எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நைனா, செத்துப் போலாம்னு நினைக்கிறியா?"

"டிகிரி படிச்சவ கேக்குற கேள்வியாடி இது?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அங்கேயே நின்றேன். அவர் காலி மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்தார். "உனுக்கு எப்டிம்மா தெரிஞ்சுது?" என்று குலுங்கி அழுதார்.

அதற்கப்புறம் நாங்கள் யாரும் அவரைத் தனியாக விடவில்லை. இன்று விடிகாலையில் கிளம்பும் பஸ்ஸில் இங்கே கூட்டி வந்தேன்.

"மொட்டை போட்டாச்சே, மறுபடியும் மலைக்கா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா. எம்பொண்ணு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறா."

பயமாயிருக்கிறது அக்கா. டாக்டர் என்ன சொல்வார்? வீட்டுக்குப் போன பிறகு அவர் மறுபடியும் சிரித்தால், அதை நான் நம்பலாமா? உன்னிடம் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

இனிமேல் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் திட்டினாலும் கேட்பேன், குரல் நடுங்கினாலும் கேட்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

வாட்சை அவர் கையிலேயே திரும்பக் கட்டிவிட்டேன். மாமா சாயங்காலம் மாட்டைத் திரும்ப ஓட்டிவருகிறார்.

கதவு திறக்கிறது, அக்கா.

உன் கம்மலைப் போட்டிருக்கும்
உன் தங்கச்சி