நான் கூப்பிட்ட பெயர்

பிரேயஸ் துறைமுகம், ஜனவரி 14, 1958

கடையில் இன்று முழுக்க வெள்ளைப் பெயின்ட் டப்பா இறக்கினேன். கப்பல் ஓட்டியவன் கப்பலுக்குப் பெயின்ட் விற்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி "நம்ம அட்மிரல் எடுத்துத் தருவாரு" என்று என்னைக் காட்டுகிறானே, அதுதான் பொறுக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒருவன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். சிசிமோஸ். என் கப்பலில் எஞ்சின் அறைக்கு உத்தரவு மணி அடித்தவன். "கேப்டன் நிறுத்தச் சொன்னாரு, நிறுத்தினேன்" என்று நான்கு வருஷத்துக்கு முன் கடற்படை நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியவன். அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

"எங்க மாடியில ஒருத்தி புருஷனைக் கூப்பிட்டா கேப்டன். ஸ்டமாட்டீ-ன்னு. கீழ படியில இறங்கிட்டிருந்த நான் சட்டுனு நின்னுட்டேன். என்னை நில்லுன்னு சொன்ன மாதிரியே இருந்துச்சு. அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. அன்னைக்கு நீங்க கத்தினது ஸ்டமாட்டாவா, ஸ்டமாட்டியா?"

காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 15

கிரேக்கத்தில் ஸ்டமாட்டா என்றால் நில். ஸ்டமாட்டி என்றால் என் மாலுமி ஸ்டமாட்டிஸ் லெக்காஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஒரு எழுத்து.

ஜனவரி 18

மனைவி ஃபோட்டினியிடம் சொல்லிவிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். 1954 மார்ச், நல்ல தெற்குக் காற்று. பழுதான ஒரு தோணியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். இடது பக்கம் பாறை. ஸ்டமாட்டிஸ் பின்தளத்தில் குனிந்து கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். கயிறு நரம்பு மாதிரி விறைத்து நிற்பதை மேலிருந்து பார்த்தேன், அறுந்துவிடும் என்று தெரிந்தது. ஸ்டமாட்டி என்று கத்தினேன். நிமிர்ந்து திரும்பி என்னைப் பார்த்தான். அதே நொடி கயிறு அறுந்து அவன் மார்பில் அடித்தது. குனிந்தே இருந்திருந்தால் தலைக்கு மேலே போயிருக்கும்.

உள்ளே சிசிமோஸ் அதை 'நில்' என்று எடுத்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்த மணி அடித்துவிட்டான். நான் கவனிப்பதற்குள் காற்று எங்களைப் பாறைக்குக் கொண்டுபோய்விட்டது. கப்பல் போயிற்று.

எஞ்சினை நிறுத்த எந்த அதிகாரியும் ஸ்டமாட்டா என்று சொல்ல மாட்டான், 'கிராத்தி' என்பதுதான் உத்தரவு. நீதிமன்றம் அதையும் கேட்டது. பதறியவன் வாயில் வீட்டுப் பேச்சுதான் வரும் என்று முடிவு கட்டினார்கள். "என்ன கத்தினீர்?" என்று கேட்டபோது நினைவில்லை என்றேன். முதல் வரிசையில் ஸ்டமாட்டிஸின் அம்மா கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். அலை கொண்டுபோயிற்று, அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"நாலு வருஷமா எங்கிட்டயும் சொல்லல. ஊரே கோழைன்னு பேசினப்போகூட வாயத் திறக்கலயே, பாவி மனுஷா!" என்று ஃபோட்டினி அழுதாள். மீன் அப்படியே கிடந்தது.

ஜனவரி 21

வக்கீலுக்கு ஒரே குஷி. "புதுச் சாட்சி இருக்கு, மறுவிசாரணை நிச்சயம். ஆனா நீங்க கத்தினது என்ன, எதுக்குக் கத்தினீங்க, அவன் திரும்பினானா, எல்லாத்தையும் உங்க கையெழுத்துல எழுதித் தரணும். செய்தித்தாள்லயும் வரும்" என்றார்.

மாலுமியைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. லெக்காஸ் என்று கத்தியிருந்தால் எஞ்சின் நின்றிருக்காது. மூன்று கப்பலில் என்னோடு இருந்தவன், அந்த நேரத்தில் பெயர்தான் வாயில் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

ஜனவரி 29

ஸ்டமாட்டிஸின் அம்மா இதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. நானே போய்ச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3, ஸ்பெட்சஸ் தீவு

புனித ஸ்டமாட்டியோஸ் திருநாள், அவன் பெயருக்குரிய நாள். வேறு நாள் கிடைக்கவில்லையா எனக்கு? கப்பல் இன்றுதான் கிடைத்தது. அது பொய். தள்ளிப் போட்டால் போகவே மாட்டேன் என்று பயம்.

அவன் அம்மா கிரா அனேசோ கோவிலிலிருந்து மகனுக்காகப் படைத்த வேகவைத்த கோதுமையோடு வந்தாள். என் கையில் ஒரு பிடி வைத்தாள். மகள் கனெல்லா நிறைமாத வயிற்றோடு காபி போட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

கிரா அனேசோ கோதுமைத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "கூப்பிட்டா திரும்புவான். சின்னதுலருந்தே அப்படித்தான். ரெண்டாந்தடவை கூப்பிட வேண்டியதே இல்ல" என்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"அவனுக்கு முன்னாடி மூணு பேரு தொட்டில்லயே போனாங்க, தம்பி. என் புருஷன் தன் அப்பா பேரு யானிஸைத்தான் வைக்கணும்னாரு. நான் விடல. சாவு இதோட நிக்கட்டும்னு பாதிரியார் கால்ல விழுந்து ஸ்டமாட்டிஸ்னு வச்சேன். நாந்தான் வச்சேன்."

"தப்பு என்னுதும்மா. நான் குடும்பப் பேரைச் சொல்லி—"

"யானிஸ்னு இருந்திருந்தா கப்பலு நின்னிருக்குமா?"

அவள் காதில் நான் சொன்ன எதுவும் ஏறவில்லை. கனெல்லா என்னை முறைத்தாள். கிளம்பும்போது கிரா அனேசோ என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "எழுதிக் குடு. உனக்கும் பொண்டாட்டி இருக்கா, மானம் இருக்கு. ஒருத்தராவது தலைநிமிந்து நடக்கட்டும்."

என் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கிழவி தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இதைச் செய்யவா போனேன்?

பிப்ரவரி 6

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு பக்கம்.

மே 22

தீர்ப்பு ரத்து. பதவி திரும்பக் கிடைக்கும். சிசிமோஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். முதலாளி முதன்முதலாக என்னை சார் என்றான். ஃபோட்டினி பெட்டியிலிருந்து சீருடையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். இடுப்பில் பத்தவில்லை, தையல்காரனிடம் சொல்லியிருக்கிறாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

மே 30

கனெல்லாவிடமிருந்து கடிதம்.

"பேப்பர்ல பார்த்தோம். நல்லது. பையன் பொறந்தான், ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் ஆச்சு. அண்ணன் பேரை வைக்கணும்னு என் கல்யாணத்துக்கு முன்னாடியே நான் நேர்ந்துக்கிட்டது உங்களுக்குத் தெரியாது. அம்மா விடல. அந்தப் பேரு இந்த வீட்டுல இனி யாருக்கும் வேண்டாம்னுட்டாங்க. பாதிரியார் சொல்லிப் பார்த்தாரு. அம்மா கோவிலுக்குள்ளயே வரல. யானிஸ்னு வச்சிருக்கோம். அண்ணனை அந்தப் பேரைச் சொல்லி அம்மா பேசுறதும் இல்ல இப்போ. 'அவன்'னுதான் சொல்றாங்க."

இரண்டு தடவை படித்தேன். ஃபோட்டினி யார் கடிதம் என்று கேட்டாள். கொடுத்தேன். படித்துவிட்டு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

நாளை சீருடைக்கு அளவு கொடுக்கத் தையல்காரன் வரச் சொல்லியிருந்தான். கடையில் சரக்கு வருகிறது, அங்கே போகிறேன் என்று சொன்னேன். மறுபடி வெயிலில் போட்டிருந்த சீருடையை அவள் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.