திருகுகளுக்கு வைத்த பொட்டு

புரட்டாசி 13, திங்கள்
காலையில் தூறல். சொசைட்டிக்குப் பால் போயாச்சு. தவிடு தீர்ந்தது.
பேத்தி சுகன்யா விடிந்ததிலிருந்து அந்தப் பழைய சிந்தசைசரோடுதான். ஆர்மோனியம் மாதிரி கட்டைகள், மேலே வரிசையாகத் திருகுகள். போட்டவுடன் வாசிக்கக் கூடாதாம், சூடேறினால்தான் சுருதி நிற்குமாம். மாடும் அப்படித்தான். மடி தடவாமல் கறக்க முடியுமா.
மத்தியானம் அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திக்கென்றது. மலைக்கு அந்தப் பக்கம் மாடு கன்றைத் தேடிக் கூப்பிடுகிற மாதிரி. தொழுவத்தில் சிவப்பி காதைத் தூக்கியது. பல நாள் தேடிக் கிடைத்த சத்தமாம். வெள்ளிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து, தங்கள் படத்துக்கு இதைப் பதிவு செய்கிறார்கள். அவள் வாசிக்கிற முதல் படம். மீனாட்சிபுரம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

15, புதன். ஆயுத பூஜை
வெயில். அரிவாள், மண்வெட்டி, பால் கேன், மோட்டார், மகன் வண்டி, எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. சுகன்யா பொரி வாங்கப் போயிருந்தாள். அவள் சிந்தசைசர் பெட்டியை மட்டும் விட்டால் நன்றாகவா இருக்கும். ஈரத்துணியால் ஒவ்வொரு திருகையும் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். கோணல்மாணலாக நின்றன. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பிச் சந்தனம், குங்குமம். அழகாக இருந்தது.
அவள் வந்து பார்த்தாள். பொரிப்பை கீழே விழுந்தது.
"அப்பத்தா, திருகுனியா?"
துடைத்தேன் கண்ணு என்றேன்.
இந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாதாம். திருகு நின்ற இடம்தான் சத்தமாம். இனி அதே இடம் கிடைக்காதாம். குறித்து வைக்கவும் இல்லை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பூஜையில் வைத்ததை நாளைக் காலை வரை தொடவும் முடியாது.

16, வியாழன்
பூஜை பிரித்ததும் சுகன்யா பெட்டி முன் உட்கார்ந்தாள். கொசு, விசில், லாரி ஆரன் என்று ஏதேதோ வந்தது. பழைய சத்தம் வரவே இல்லை.
"ஏனுங்கத்தை, மாட்டக் கழுவற மாதிரியா இதையும் கழுவோணும்?" மருமகள். தொழுவத்துக்குப் போய்ச் சாணி அள்ளினேன்.
சாயங்காலம் வேறொன்று வந்தது. அடித்தொண்டையில் கரகரவென்று தொடங்கி, ஒரு பெரிய திருகைத் திருப்பத் திருப்ப மெல்லத் திறக்கிறது. உடம்பு சிலிர்த்தது. முன்னதைவிட நல்லதா, தெரியாது. சிவப்பி எழுந்தே நின்றுவிட்டது.
"அப்பத்தா, அந்தச் சந்தனத்தக் கொண்டா."
அழிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் நேரே பெட்டியின் பலகையில் சந்தனத்தால் ஒரு கோடு இழுத்தாள். பொட்டும் கோடும் சேர்ந்தால் அந்தச் சத்தம்.

17, வெள்ளி
மேகமூட்டம். சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள். காப்பி கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றேன், உள்ளே போகப் பயம். சுகன்யா கூப்பிட்டாள். அவளுக்கு இரண்டு கையும் கட்டையில் இருக்குமாம். பெரிய திருகுக்கு ஆள் வேண்டுமாம்.
நானா என்றேன்.
"நீதான். மெதுவாத் திருப்பு. பொட்டு கோட்டுகிட்ட வந்ததும் நிறுத்திக்க."
விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. ஒருவன் கைகாட்டினான். மூச்சை அடக்கித் திருப்பினேன். என் விரலுக்கு அடியிலிருந்து சத்தம் திறக்கிறது. என் விரலா இது. பொட்டு கோட்டைத் தொட்டது. நிறுத்தினேன்.
சத்தம் தேய்ந்து அடங்கியது. அப்புறம் ஒருவன், "எடுத்தாச்சுங்க" என்றான்.
இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணல். விரலில் சந்தனம், கழுவவில்லை.