நான் போடாத ஓட்டு

லண்டன், அக்டோபர் 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அங்கே கிரிம்ஸ்பியில் குளிர் தொடங்கியிருக்குமே. நான் நலம்.

நேற்று ரயில் நிலைய வாசலில் கருத்துக்கணிப்பு எடுக்கும் பெண் என்னை நிறுத்தினாள்.

"பொதுத்தேர்தல் சீக்கிரமே வரணுமாங்க?"

"வேணாம்மா."

"ஏன்?"

"போன ஓட்டுக்கே எங்க வீட்ல பேச்சுவார்த்தை நின்னு போச்சு," என்று சிரித்தபடி நழுவிவிட்டேன்.

ஜூன் மாத வாக்கெடுப்பில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக நீங்கள் வாக்களித்தீர்கள் என்று, "என் எதிர்காலத்தையே கெடுத்துட்டீங்க" எனத் தொலைபேசியில் கத்தினேனே அப்பா, அந்த வாக்கெடுப்பு நாளில் நான் வாக்களிக்கவே போகவில்லை. மழை, வேலை அலுப்பு, தூங்கிவிட்டேன். இத்தனை மாதமாகச் சொல்ல வாய் வரவில்லை.

அங்கே விட்டுவந்த என் கம்பளிக் கையுறையை அனுப்பிவையுங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது.

உங்கள்
ஹெஸ்டர்