பேருந்து நிலையச் சுவரில் உங்கள் முகம்

ஐபெக்கின் அப்பாவுக்கு,

பேருந்து நிலையச் சுவரை வரைந்து முடித்துவிட்டேன். மலை, குதிரைகள், நடுவில் ஒரு மேய்ப்பன். அவனுக்கு உங்கள் முகத்தையே வைத்தேன். நீங்கள் மாஸ்கோ போகும்போது விட்டுப்போன பாஸ்போர்ட் ஜெராக்ஸைப் பார்த்து வரைந்ததால் முகம் மட்டும் சாம்பல் நிறமாக அமைந்துவிட்டது.

நம் ஊரில் கல்லறைக் கற்களில்தான் முகத்தை அப்படி வரைவார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

இப்போது பஸ்ஸில் போகிறவர்கள்கூட, இடுகாட்டைக் கடக்கும்போது இறந்தவர்களுக்குச் செய்வதுபோல், இரு கைகளாலும் முகத்தைத் தடவி உங்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். நேற்று ரொட்டி விற்கும் பூபுசாரா அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

“அவர் உயிரோடதான் இருக்காருக்கா!”

“அப்ப ஒரு போன் பண்ணச் சொல்லுடி. எட்டு மாசமாச்சு!”

உங்களுக்கு வேலை அதிகம் என்றேன்.

இன்று காலை உங்கள் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு பூசிவிடலாம் என்று போனேன். விரலாலேயே பூசலாமென்று வண்ணத்தைக் கையில் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். என்னை அறியாமல் என் இரு கைகளும் எழுந்து என் முகத்தைத் தடவிவிட்டன.

உங்களுக்கு எடுத்த சிவப்பு முழுக்க என் கன்னத்தில். இன்னும் கழுவவில்லை.

உங்கள் வீட்டுக்காரி